மேல்மாடிக்குக் காத்திருக்கும் கம்பிகள்

கூடத்தில் பதினைந்து இருபது ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பெண் வீட்டார், எதிர்ப்பக்கம் பையன் வீட்டார். ஏலக்காய் தட்டிப் போட்ட கசப்புக் காப்பி, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் வருகிறது. பையன் வீட்டாரை அழைத்துவந்த பெரியவர் கோப்பையை வாங்குகிறார். குடிக்கவில்லை. முன்னால் இருக்கும் முக்காலியில் அதை வைத்துவிட்டு, இறைவனைத் துதித்து, இரு குடும்பங்களின் பெருமையையும் சொல்லி, மெல்ல வந்த காரியத்தை எடுக்கிறார். கேட்டது கிடைக்கும்வரை இந்த வீட்டுக் காப்பியைத் தொடமாட்டோம் என்று அதற்குப் பொருள். பெண்ணின் தகப்பனாரோ பெரியப்பாவோ எழுந்து, "காப்பியைக் குடியுங்கள், கேட்டு வந்தது கிடைத்தது" என்று சொன்ன பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். பிறகு எல்லோரும் கையேந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுவார்கள்.

இதற்கு ஜாஹா என்று பெயர். ஜோர்டானில் அம்மான் நகரின் விஹ்தாத் முகாமிலும், பெத்லகேமை ஒட்டிய தெஹைஷா முகாமிலும், பெய்ரூட்டின் புர்ஜ் அல்-பராஜ்னா முகாமிலும் பாலஸ்தீன அகதிக் குடும்பங்கள் இன்றும் இப்படித்தான் பெண் கேட்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நூறு வருடமாக எதுவும் மாறவில்லை என்று தோன்றும். ஆனால், அந்தக் கோப்பை ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளறையில் காத்திருக்கும் பெண், பல வீடுகளில், அந்தப் பையனோடு இரண்டு வருடமாகக் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பவள். கல்லூரியில் பழக்கமாகியிருக்கலாம், வேலை பார்க்கும் இடத்தில் ஆகியிருக்கலாம். அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். அம்மா அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டாள். அப்பா ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார். காதல் என்ற பேச்சே அந்தக் கூடத்தில் எழாது. எல்லாம் நஸீப் என்பார்கள், நாம் கொடுப்பினை என்று சொல்வதுபோல.

சடங்கு அப்படியே நிற்கிறது. அதற்குள் இருக்கும் கல்யாணம் எழுபத்தைந்து வருடத்தில் நான்கைந்து முறை ஆளையே மாற்றிக்கொண்டுவிட்டது. இந்த மாற்றத்தைப் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், காதல் கல்யாணம் என்று இரண்டு கட்டங்களில் அடைத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணத்தின் தலையில் என்னென்ன சுமை ஏற்றப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால், மனசுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சொல். தமிழர்களுக்கு இது கொஞ்சம் தூக்கிவாரிப்போடும். அப்பாவின் உடன்பிறந்தவருக்கு, பெரியப்பாவானாலும் சித்தப்பாவானாலும், அரபியில் 'அம்ம்' என்று பெயர். அவருடைய மகள் 'பிந்த் அம்ம்'. நமக்கு அவள் அக்கா, இல்லாவிட்டால் தங்கை. அதற்குமேல் யோசிக்கவே நாக்குக் கூசும். பாலஸ்தீனக் கிராமத்திலோ அவள்தான் முதல் முறைப்பெண். நம்மிடம் மாமன் மகன் உரிமை கொண்டாடுவதுபோல அங்கே சித்தப்பா மகன் கொண்டாடுவான். வேறு வீட்டுக்கு வாக்கப்பட்டுக் குதிரையில் ஏறிவிட்ட மணப்பெண்ணைக்கூட அவன் இறக்கிக் கூட்டிப்போகலாம் என்று பழமொழியே உண்டு. அந்நியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணும் மாமனாரை 'அம்மி', அதாவது 'என் சித்தப்பா' என்றுதான் கூப்பிடுவாள். மனைவியைப் பெயர் சொல்லாமல் 'பிந்த் அம்மி' என்று சொல்லும் பழக்கம் அந்தக் காலத்து ஆண்களிடம் இருந்தது.

நாமும் இதையே வேறு திசையில் செய்கிறோம். அம்மாவின் தம்பியைக் கூப்பிடும் அதே 'மாமா'வால் மாமனாரையும் கூப்பிடுகிறோம். யாருக்கு யாரைக் கட்டிக்கொடுத்தார்கள் என்பது, மண்ணுக்கடியில் கிடக்கும் பானை ஓடு மாதிரி, உறவுச்சொல்லுக்குள் கிடக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா மகளை மணக்க மார்க்கத்தில் தடை இல்லை. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் மாமன் மகள், அத்தை மகள் என்றுதான் பேச்சு நடக்கும். 'தங்கச்சி' என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு அவ்வளவு எளிதில் திரும்பாது.

சரி, சித்தப்பா மகள் ஏன்? இந்தக் கேள்விக்கு மானிடவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்குமேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சொத்து ஒரு காரணம். இஸ்லாமியச் சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு, மகனுக்குக் கிடைப்பதில் பாதி. அவள் வெளியே போனால் ஆலிவ் தோப்பில் ஒரு துண்டும் அவளோடு போகக்கூடும். அண்ணன் மகனுக்கே தம்பி மகளைக் கொடுத்துவிட்டால் மரங்கள் வேலிக்குள்ளேயே நிற்கும். அடுத்தது அரசியல். குர்திஸ்தானில் இதே வழக்கத்தை ஆராய்ந்த நார்வே அறிஞர் ஃபிரெட்ரிக் பார்த், பெண்ணைக் கொடுப்பதன்மூலம் ஒருவர் தன் அண்ணன் மகன்களின் ஆதரவைக் கட்டிப்போடுகிறார் என்று 1954-இல் எழுதினார். சண்டை என்று வந்தால் தோளோடு தோள் நிற்க ஆள் வேண்டும். பெண்கள் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு, அதை ஆண் ஆய்வாளர்கள் கவனிக்க நாளானது. சித்தப்பா வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அம்மாவைவிட்டு இரண்டு சுவர் தள்ளித்தான் போகிறாள். அடித்தால் அழுகுரல் அப்பாவுக்குக் கேட்கும்.

சொன்னதெல்லாம் நடந்ததா என்று எண்ணிப் பார்த்தவர் ஒரு பெண். ஹில்மா கிரான்க்விஸ்ட், ஃபின்லாந்துக்காரர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுப் பெண்களைப் பற்றி ஆராய 1925-இல் பாலஸ்தீனத்துக்கு வந்தவர், பெத்லகேமுக்குத் தெற்கே அர்த்தாஸ் என்ற சிறு கிராமத்தில் தங்கிவிட்டார். விவிலியத்தை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணெதிரே இருந்த பெண்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் இருவரின் துணையோடு, நூறு வருடக் கல்யாணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வம்சாவளி எழுதினார். 1931-இலும் 1935-இலும் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய நூல், கிராமத்துத் திருமணம் பற்றி இன்றும் மிஞ்ச முடியாத ஆவணம். யாரைக் கேட்டாலும் சித்தப்பா மகள்தான் உத்தமம் என்றார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி நடந்த கல்யாணம் நூற்றுக்குச் சுமார் 13. தந்தைவழிக் குலமான ஹமூலாவுக்குள்ளேயே நடந்தவை மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வெளியே. 'பதல்' என்ற மாற்றுக் கல்யாணமும் நிறைய. என் தங்கை உனக்கு, உன் தங்கை எனக்கு; இரண்டு வீட்டாரும் மஹர் கொடுக்கும் சுமையிலிருந்து தப்பிவிடலாம்.

மஹர் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அங்கே பணம் மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணுக்குப் போகிறது. ஒரு பகுதி கல்யாணத்தின்போது, இன்னொரு பகுதி விவாகரத்தானாலோ கணவன் இறந்தாலோ. பெத்லகேம் பக்கத்து மணப்பெண்கள் அந்த வெள்ளிக் காசுகளை ஷத்வே என்ற உயரமான தொப்பியில் வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டார்கள். அவளுடைய சொத்தை அவள் தலையில் ஊரே எண்ணிப் பார்க்கலாம். ஆகவே நம் ஊரில் ஏழைப் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போவதுபோல அங்கே தள்ளிப்போவது ஏழைப் பையனின் கல்யாணம்.

காதல் இல்லையா? இருந்தது. ஊற்றடியில் இருந்தது, அறுவடைக் களத்தில் இருந்தது. முகாம்களில் வாய்மொழி வரலாறு சேகரித்தவர்களிடம் கிழவிகள் அந்த ஊற்றின் பெயரை இன்னும் சொல்கிறார்கள். ஆனால் கல்யாணத்தின் தலையில் ஆலிவ் தோப்பும் சண்டைக்கு ஆளும் குடும்ப மானமும் உட்கார்ந்திருந்தபோது, மனசு கடைசி வரிசையில்தான் நிற்க முடிந்தது.

1948 வந்தது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் போயின. கூடாரங்கள் வந்தன. அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண முகமை 1950 மே மாதம் வேலையைத் தொடங்கி, குடும்பத்துக்கு ஓர் அட்டை கொடுத்து, மாவும் எண்ணெயும் அளந்தது. தொப்பியில் தைத்திருந்த காசுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கடைத்தெருவுக்குப் போயின. கையால் பூவேலை செய்த கல்யாண உடைகளும் போயின. விதாத் கவார் என்ற பெண்மணி அந்த உடைகளைத் தேடித்தேடி வாங்கிப் பல பத்தாண்டுகள் பாதுகாத்தார். இன்று அவை அம்மானில் அவர் அமைத்த திராஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒருத்தியின் உடையில் மார்பிலிருக்கும் பூவேலையைப் பார்த்தே அவள் எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு. தோப்பு போய்விட்டது. பங்கு பிரிந்து வெளியே போய்விடுமே என்று பயப்பட ஒரு பிடி மண் இல்லை. சொத்தைக் காக்கப் பிறந்த வழக்கமாக இருந்தால், சித்தப்பா மகள் கல்யாணம் ஒரு தலைமுறையில் உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. மேற்குக் கரையிலும் காஸாவிலும் 2004-இல் எடுத்த கணக்கிலும், தாய்வழி தந்தைவழி எல்லாம் சேர்த்து, சொந்தத்தில் நடந்த கல்யாணம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். கிரான்க்விஸ்டின் அளவுகோலும் இதுவும் ஒன்றல்ல, நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஆனால் வழக்கம் உயிரோடு இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஏன்? நிலத்தோடு போனது நிலம் மட்டுமில்லை, முகவரியும் போயிற்று. தெஹைஷா முகாமில் எருசலேமுக்கும் ஹெப்ரோனுக்கும் மேற்கே இருந்த நாற்பத்தைந்து கிராமத்து மக்கள் ஒரே சரிவில் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள். கிரான்க்விஸ்ட் வம்சாவளி எழுதிய அர்த்தாஸ், பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இங்கே அடுத்த கூடாரத்துக்காரன் யார், அவன் அப்பன் எப்படி என்று சொல்ல ஆளில்லை. அப்படியொரு கூட்டத்தில் நம்பிப் பெண் கொடுக்கக்கூடியவன் சித்தப்பா மகன் ஒருவன்தான். லெபனானின் அய்ன் அல்-ஹில்வே முகாமில் சஃப்ஸாஃப், சஃப்பூரிய்யா என்று தெருக்களுக்கே தொலைந்த கிராமங்களின் பெயர். புர்ஜ் அல்-பராஜ்னாவில் தர்ஷீஹா, குவய்காத். "எந்த ஊர்ப் பிள்ளை?" என்று பெண்ணின் பாட்டி கேட்பாள். பையன் பிறந்தது பெய்ரூட்டில். அவன் சொல்வது தாத்தா விட்டுவந்த ஊரின் பெயர். கல்யாணம், வரைபடத்தில் இல்லாத ஒரு கிராமத்தை மனிதர்களைக்கொண்டு கட்டி எழுப்பும் வேலையாகிவிட்டது. தோப்பு இருந்த இடத்தில் ஊர்ப்பெயர் ஏறி உட்கார்ந்தது.

ஐ.நா. அட்டையும் இதற்குத் துணைபோனது. அகதி என்ற பதிவு தந்தைவழியில் போகிறது. அகதிப் பெண் அகதியல்லாத ஒருவனை மணந்தால், அவள் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் அகதியாகப் பதிவாக மாட்டார்கள். 2006-க்குப் பிறகு அப்படிப்பட்ட குடும்பங்களும் பள்ளி, மருத்துவம் போன்ற உதவிகளைப் பெறலாம் என்று ஆனது. பதிவு முறை மாறவில்லை. திரும்பிப் போகும் உரிமையை அந்த அட்டையோடு சேர்த்தே நினைக்கும் மக்களுக்கு இது சின்ன விஷயமா? மகளை வெளியே கொடுப்பதென்றால் பேரப்பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து இழப்பது. கிராமத்துக் கிழவர்களின் பழைய விதியை, தெரிந்தோ தெரியாமலோ, ஓர் உலக அமைப்பின் எழுத்தர் மேசை மறுபடி எழுதி முத்திரை வைத்தது.

அந்த முகமையே இன்னொரு கதவையும் திறந்தது. முகாம்களில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி. 1962-இல் ராமல்லாவில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சி மையம். பதினாறு வயதில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டியவள் பத்தொன்பதில் ஆசிரியையாகி, குவைத்துக்கு வேலைக்குப் போய், தம்பிகளின் படிப்புக்குப் பணம் அனுப்பினாள். நிலமில்லாத சமூகத்தில் படிப்புதான் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சொத்து. அந்தச் சொத்து பெண்ணின் தலைக்குள்ளும் இருக்கலாம் என்று குடும்பங்கள் கண்டுகொண்டதும், பெண் கேட்கும் பேச்சில் புதுக் கேள்வி நுழைந்தது: பெண் என்ன படித்திருக்கிறாள்? நாப்ளூஸ் பகுதியின் மஹர் பதிவேடுகளை ஆராய்ந்த நெதர்லாந்து மானிடவியலாளர் அன்னெலீஸ் மூர்ஸ், படித்த குடும்பங்கள் சிலவற்றில் கல்யாணத்தின்போது தரும் மஹர் வெறும் ஒரு தினார் என்று எழுதப்பட்டதைக் கவனித்தார். என் மகளுக்கு நான் விலை பேசவில்லை என்பது அந்த ஒரு தினாரின் பேச்சு. ஆனால் மாப்பிள்ளை நகையாகவும் வீட்டுச் சாமானாகவும் செய்ய வேண்டியதைச் செய்தே தீருவார். காகிதத்தில் உரிமையாக இருந்தது அன்பளிப்பாகிவிட்டது. அந்த நகைக்கும் சாமானுக்கும் பெண்ணின் கையில் எழுத்தாக ஒன்றும் இருக்காது. முன்னேற்றம் என்று கைதட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லெபனானில் நடந்தது வேறு கதை. 1969-க்குப் பிறகு முகாம்கள் விடுதலை இயக்கங்களின் கைக்கு வந்தன. பெண்கள் மருத்துவமனையிலும், கட்சி அலுவலகத்திலும், சில சமயம் துப்பாக்கிப் பயிற்சியிலும் ஆண்களோடு வேலை செய்தார்கள். கூட்டம் முடிந்து ஒருவன் வீட்டு வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனால், "இயக்க வேலை" என்று அப்பாவிடம் சொல்லலாம்; நாட்டுக்காகப் போகாதே என்று சொல்ல எந்த அப்பாவுக்கும் வாய் வராது. ஊர் வேறு, குலம் வேறு, சில சமயம் மதமே வேறு என்றிருந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த வருடங்களை முகாமிலிருந்தே ஆராய்ந்த ஜூலி பீட்டீட், காதல் கல்யாணம் அந்தச் சூழலில் ஓர் அரசியல் மதிப்பையே பெற்றது என்று காட்டுகிறார். தோழமைதான் புது முறை உறவு. ஆனால் அவரே இன்னொன்றையும் பதிவு செய்கிறார்: கல்யாணம் ஆன பிறகு பெண்களில் பலர் அலுவலகத்திலிருந்து அடுப்படிக்குப் போனார்கள், இயக்கத்தில் தீவிரமாக இருந்த கணவனும் அதையே எதிர்பார்த்தான். 1976 ஆகஸ்டில் தெல் அல்-ஸஅத்தர் முகாம் விழுந்தது. 1982-இல் இயக்கம் பெய்ரூட்டைவிட்டு வெளியேறியது. அங்கே ஷத்தீலா முகாமில் படுகொலை நடந்தது. ஆண்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் மறுபடி நெருங்கிய சொந்தத்துக்குள் சுருங்கின. காலம் முன்னோக்கித்தான் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மேற்குக் கரையில் 1987 டிசம்பரில் முதல் இந்திஃபாதா என்ற மக்கள் எழுச்சி வெடித்தபோது கல்யாணமே அடங்கிப்போனது. பக்கத்து வீட்டில் பிள்ளையைப் புதைத்திருக்கும்போது எப்படி மேளம் அடிப்பது? பாட்டு இல்லை, ஊர்வலம் இல்லை, மஹரைக் குறைத்துக்கொண்டார்கள், நாலு பேர் வைத்து வீட்டோடு முடித்தார்கள். பல்கலைக்கழகங்களை ராணுவம் மூடியது. பிர்ஸெய்த் பல்கலைக்கழகம் 1988-இல் மூடப்பட்டு நான்கு வருடத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது. படிக்க வழியில்லாத பெண்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் நடந்தது. 'சுத்ரா' என்று ஒரு சொல் உண்டு: போர்வை, மறைப்பு, பாதுகாப்பு எல்லாம் அதில் அடக்கம். மகளுக்கு சுத்ரா தேடுவது என்றால் கல்யாணம் செய்துவைப்பது. வீதியில் பயம் கூடும்போதெல்லாம் இந்தச் சொல் தாய்மார்களின் வாயில் ஏறும், மணப்பெண்ணின் வயது இறங்கும். 2000-இல் தொடங்கிய இரண்டாம் இந்திஃபாதாவில், வெள்ளை உடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண்கள் சோதனைச் சாவடிகளை நடந்து கடந்தார்கள்.

இடையே மருத்துவமும் ஒரு கேள்வியைப் பெண் கேட்கும் கூடத்துக்குள் கொண்டுவந்தது. தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த நோய். மத்தியதரைக் கடல் ஓரத்தில் மலேரியா இருந்த பகுதிகளில் இதன் மரபணு பரவலாக உண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்தப் பழுதான மரபணு வந்தால் ஆள் ஆரோக்கியமாகவே இருப்பார். இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். தாயும் தகப்பனும் இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சித்தப்பா மகளுக்கும் பெரியப்பா மகனுக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவானது. தாத்தாவிடம் ஒளிந்திருந்தது இரு பக்கமும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பாலஸ்தீனப் பகுதிகளில் 2000 முதல், ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் திருமண ஒப்பந்தம் பதிவாகாது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். கவனிக்க வேண்டியது, சொந்தத்தில் கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. உன் ரத்தத்தைப் பார்த்துக்கொள் என்றார்கள். வழக்கத்தோடு முட்டாமல், அதற்குள் இருக்கும் ஆபத்தை மட்டும் நேராகக் குறிவைத்ததால்தான் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போதைய தலைமுறைக்கு வருவோம். இவர்களுக்குக் காதல் வெட்கப்படும் சொல்லே அல்ல. திரைத்தொடர்களோடு வளர்ந்தவர்கள், கைபேசியோடு வாலிபத்துக்கு வந்தவர்கள். 'கத்ப் அல்-கிதாப்', அதாவது ஒப்பந்தம் எழுதுவது முடிந்தால் சட்டப்படி கணவன் மனைவி. ஆனால் கல்யாண நாள்வரை அவரவர் வீட்டில்தான். அந்த ஆறு மாதமோ இரண்டு வருடமோதான் ஊர் ஒப்புக்கொண்ட காதல் காலம். அவன் வீட்டுக்கு வரலாம், இருவரும் வெளியே போய்வரலாம், இரவெல்லாம் பேசலாம். மனம் ஒத்துவரவில்லையென்றால் பிரியலாம். ஆனால் அது விவாகரத்து என்றே எழுதப்படும். அந்தச் சொல் அவளோடு ஒட்டிக்கொண்டு வரும், அவனோடு அவ்வளவாக வராது.

குலம் தளர்ந்திருக்கிறது, ஊர்ப்பெயர் மங்கியிருக்கிறது. அந்த இடத்தில் அடையாள அட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. எருசலேம் நகர எல்லைக்குள் ஷுஅஃபாத் என்றொரு அகதி முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பலரிடம் எருசலேம்வாசிகளுக்கு இஸ்ரேல் தரும், நீல உறை போட்ட அட்டை. ராமல்லாவை ஒட்டிய அம்அரி முகாமில் மேற்குக் கரைவாசிகளுக்கான பச்சை அட்டை. இரண்டுக்கும் நடுவே சில மைல்கள்தான். நீல அட்டைப் பெண் பச்சை அட்டைப் பையனை விரும்பினால் எங்கே குடியிருப்பது? அவன் இந்தப் பக்கம் வந்து குடியிருக்க 2003-இல் இஸ்ரேல் கொண்டுவந்த சட்டம் தடை. வருடாவருடம் நீட்டித்துவந்த அந்தச் சட்டம் 2021 ஜூலையில் காலாவதியானது, 2022 மார்ச்சில் மறுபடி வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் போனால் நீல அட்டையே பறிபோகலாம். ஜோர்டானில் கேள்வி வேறு: பையனுக்குக் குடியுரிமையைக் காட்டும் தேசிய எண் உண்டா? 1967-க்குப் பிறகு காஸாவிலிருந்து வந்து ஜெராஷ் முகாமில் தங்கியவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஜோர்டானியப் பெண் அப்படிப்பட்டவனைக் கட்டினால் பிள்ளைகளுக்கும் கிடையாது, ஏனென்றால் அங்கே குடியுரிமையும் அப்பா வழியில்தான் போகிறது.

லெபனான் முகாம்களிலிருந்து எண்பதுகளில் போர்க்காலத்தில் கிளம்பிய ஏராளமானோர் பெர்லினிலும் டென்மார்க்கிலும் சுவீடனிலும் குடியேறினார்கள். அங்கே இருக்கும் சித்தப்பா மகளைக் கட்டினால் முகாமைவிட்டு வெளியேற ஒரு வழி. இப்படி, காலாவதியாகிக்கொண்டிருந்த பிந்த் அம்ம், விசா உருவில் மறுபிறவி எடுத்தாள். அதற்கும் ஒரு சட்டம் வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பாவிட்டால் வெளிநாட்டுத் துணையை அழைத்துவர முடியாது என்று 2002-இல் டென்மார்க் விதித்தது. கோபன்ஹேகனில் கையுயர்த்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள், அய்ன் அல்-ஹில்வே முகாமின் ஒரு சந்தில் நடக்கவேண்டிய கல்யாணத்தின் தேதியைத் தள்ளிவைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட இன்று காதலுக்குக் குறுக்கே நிற்பது வீடு. பெண் வீட்டாருக்குக் குலம் ஒரு பொருட்டில்லை, ஊர் ஒரு பொருட்டில்லை, பெண்ணே பார்த்துக்கொண்டாள் என்றாலும் சரி. அவளை எங்கே குடிவைப்பாய் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். முகாம்களில் ஒவ்வொரு வீட்டின் மொட்டைமாடியிலும் தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரிலும் பார்க்கிறோம், பணம் சேர்ந்தால் மாடி எழுப்பலாம் என்று விட்டுவைப்பது. அங்கே அந்தக் கம்பிகளுக்குப் பெயர் உண்டு என்றே சொல்லலாம்: இது மூத்தவனுக்கு, அதற்குமேல் அடுத்தவனுக்கு. முகாம் பக்கவாட்டில் வளர இடமில்லை, அகலம் ஆரம்பத்தில் அளந்ததுதான். மேலேதான் போக முடியும். சந்துகளில் வெயில் விழுவதில்லை. லெபனானில் பாலஸ்தீனர்கள் முகாமுக்கு வெளியே நிலமோ வீடோ தங்கள் பெயரில் பதிய 2001 சட்டம் தடைசெய்கிறது. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களும் அவர்களுக்கு மூடியே இருக்கின்றன. கூலி வேலையில் ஒரு மாடி எழுப்பப் பத்து வருடம் ஆகலாம்.

ஷத்தீலாவில் தங்கி இளைஞர்களோடு பழகிய பிரேசில் மானிடவியலாளர் குஸ்தாவோ பார்போசா இதைத்தான் எழுதுகிறார். அப்பாக்கள் காலத்தில் ஆண்மைக்கு அடையாளம் துப்பாக்கி. மகன்களுக்கு அது ஒரு கல்யாணம், ஒரு வீடு. அதுவும் எட்டாமல் முப்பதைத் தாண்டுகிறார்கள். காதலிக்கும் பெண்ணை வேறொருவன் வந்து, சில சமயம் ஜெர்மனியிலிருந்து வந்து, காப்பிக் கோப்பையை முக்காலியில் வைத்துக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறான். பெண்ணின் அப்பாவும் கெட்டவரில்லை. தன் பிள்ளைக்கு வெயில் படும் ஒரு சன்னல் வேண்டும் என்றுதான் அவரும் ஆசைப்படுகிறார். தாத்தா காலத்தில் மனம் விரும்பியதைக் குலம் தடுத்தது. பேரன் காலத்தில் குலம் விலகிவிட்டது, வாடகை வந்து நிற்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. காதலிக்க அனுமதி கிடைத்த முதல் தலைமுறைக்குக் குடித்தனம் வைக்க இடமில்லை.

காஸாவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் 1948-இன் அகதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கேயும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த மாடிகள் இருந்தன. 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் அந்த மாடிகளில் பெரும்பாலானவை இடிந்தன அல்லது சேதமடைந்தன. முன்னர் நடந்த போர்களுக்குப் பிறகே அங்கே ஒரு தொழில் உருவாகியிருந்தது. கட்டுமான இரும்பு உள்ளே வரத் தடை இருந்ததால், இடிபாடுகளை உடைத்து, உள்ளிருக்கும் வளைந்த கம்பிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிவந்து, கல்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்கி விற்பார்கள்.

இந்தப் போரிலும் கூடாரங்களில் கல்யாணங்கள் நடந்தன. கடன் வாங்கிய வெள்ளை உடை, மஹரில் ஒரு பகுதி பிறகு தருவதாகச் சொல், பத்துப் பதினைந்து பேரின் கைதட்டலும் பாட்டும். பெண் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து 'அம்மி' என்கிறாள். இரண்டு குடும்பத்துக்கும் எந்தச் சொந்தமும் இல்லை, ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இன்னும் நாள் குறிக்காதவர்களும் இருக்கிறார்கள். இடிந்த வீட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூத்தவனுக்கென்று விட்டுவைத்திருந்த அதே கம்பிகளை, மூத்தவன்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறான்.